சாய்தளம் கட்டியாயிற்று, பாடக்குறிப்புதான் திறக்கவில்லை

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் குழு வரும் தேதி தெரிந்துவிட்டால், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் முதலில் வேலை தொடங்குவது வாசற்படியில்தான். படிக்குப் பக்கத்தில் சாய்தளம் எழும்பும், கைப்பிடி வரும், கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி படம் ஒட்டப்படும். எல்லாவற்றையும் இடக்குறிப்போடு படம் எடுத்துக் கல்லூரித் தளத்தில் ஏற்றுவார்கள். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தச் சாய்தளத்துக்கே மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது. ஆனால் நாக் அமைப்பின் ஏழாவது அளவுகோல் சாய்தளத்தோடு நிற்பதில்லை. திரைவாசிப்பு மென்பொருள், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய இணையதளம், பாடப்பொருளின் மென்பிரதி எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால், இவையெல்லாம் எங்களிடம் உண்டு என்று சான்று காட்டும் ஆவணமே பல தளங்களில் கையெழுத்தும் முத்திரையுமாக ஸ்கேன் செய்த படம். பார்வையில்லாத ஒருவர் அதைத் திறந்தால், ஆவணம் காலியாக இருக்கிறது என்றுதான் கணினி அவருக்குச் சொல்லும்.

சாய்தளத்தை ஒருமுறை கட்டினால் பல ஆண்டு நிற்கும். கோப்புகள் அப்படி இல்லை. பாடக்குறிப்பு, கால அட்டவணை, வினாவங்கி, கட்டண அறிவிப்பு, உதவித்தொகைச் சுற்றறிக்கை, பதிவுசெய்த வகுப்பு, இணையவழித் தேர்வு என்று நாள்தோறும் புதிதாக உருவாகி, பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு வழியாக மாணவர் கைக்குப் போகின்றன. ஒரு கோப்பை எல்லோரும் படிக்க முடியுமா என்பது, யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை உருவாக்கும் அந்தச் சிறிது நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அப்போது விட்டதைப் பின்னால் இன்னொருவர் திருத்துவது பல மடங்கு வேலை. அப்படித் திருத்த ஒருவர் கல்லூரியில் இருப்பதும் அபூர்வம். தமிழ்வழியில் படிப்பவருக்கு, ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இல்லாத இரண்டு சிக்கல்கள் கூடுதலாக உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகளில் அவற்றைப் பற்றி எதுவும் இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

ஸ்கிரீன் ரீடர், அதாவது திரைவாசிப்பான், திரையில் தெரியும் உருவத்தைப் பார்த்து வாசிப்பதில்லை. கோப்புக்குள் சேமித்திருக்கும் எழுத்துக் குறியீடுகளை எடுத்து ஒரு பேச்சுப்பொறியிடம் கொடுக்கிறது; அது குரலாக்குகிறது. பழகியவர்கள் இந்தக் குரலை மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். ஒரு காலத்தில் இந்த மென்பொருளை விலை கொடுத்து வாங்குவது இங்கே ஒரு மாணவருக்கு எட்டாத காரியம். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஒரு இலவச, திறந்தமூல திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். என்விடிஏ என்ற அந்த மென்பொருளால் நிலைமை மாறியது. இப்போது ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் கூடவே வந்துவிடுகிறது. பல மாணவர்களுக்குக் கணினியே தேவைப்படுவதில்லை, கைபேசியில்தான் படிப்பு.

தமிழ்க் குரலுக்கும் நீண்ட உழைப்பு உண்டு. ஐஐடி மெட்ராஸில் 'ஆச்சார்யா' என்ற பெயரில் பல இந்திய மொழிகளில் எழுதவும் எழுதியதைக் கேட்கவும் உதவும் மென்பொருளை உருவாக்கினார்கள். பின்னர் அதே ஐஐடியில் ஹேமா மூர்த்தி தலைமையில், பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கான பேச்சுப்பொறிகளைச் செய்து திரைவாசிப்பான்களோடு இணைத்தன. ஈஸ்பீக் என்ற திறந்தமூலப் பொறியின் தமிழ் கொஞ்சம் இயந்திரத்தனமாக ஒலிக்கும். ஆனாலும் வேகமாக ஓடவிட்டுப் படிப்பவர்கள் அதையே விரும்புவதுண்டு. ஆக, கருவி இருக்கிறது, குரலும் இருக்கிறது. கோப்பில் தமிழ் இருந்தால் அது வாசித்துவிடும்.

கோப்பில் தமிழ் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். 1990களில் கணினியில் தமிழ் அச்சடித்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நாடுகளிலும் பரவிய பாமினி அப்படிப்பட்டது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், திரையில் அழகான தமிழ் தெரியும். கோப்புக்குள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நமக்கே அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். திரைவாசிப்பானுக்கோ எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் அதுதான் தெரியும். நாற்பது பக்கச் சங்க இலக்கியக் குறிப்பு முழுவதையும் அது ஆங்கில எழுத்துகளாக ஒப்பிக்கும்.

இது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய சிக்கல். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகத் தரம் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களை, அதாவது எழுத்துக்கு எண் தரும் முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் யூனிகோடும் டேஸ்16 என்ற குறியேற்றமும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. ஆணை வந்ததே தவிர, டிடிபி கடைகளில் விரல்களின் பழக்கம் மாறவில்லை. பக்கம் வடிவமைக்க அவர்கள் பயன்படுத்திய பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யூனிகோடுத் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாது. அதில் தேர்ந்த தட்டச்சர் பழைய எழுத்துருவிலேயே வேலையை முடித்தார். கல்லூரி மலரும் வினாத்தாளும் துணைநூலும் அவர் கையிலிருந்துதான் வந்தன. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சுக்குப் போகும் தாளுக்கு இரண்டும் ஒன்றுதான். தாளில் மை ஒரே மாதிரிதான் விழும். அதே கோப்பை அச்சுக்குப் பதிலாக மாணவருக்கு அனுப்ப ஆரம்பித்தபோது யாரும் திரும்பி யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, யூனிகோடில் அடித்தாயிற்று, பிரச்சினை தீர்ந்ததா? பிடிஎஃப் ஆக்கும்வரை தீர்ந்தது. இரண்டாவது சிக்கல் அங்கே காத்திருக்கிறது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகளை மெய்க்கு முன்னால் எழுதுகிறோம். ஒலிப்பது மெய்க்குப் பின்னால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. பிடிஎஃப் என்பது அடிப்படையில் தாளில் எந்த வடிவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்ற குறிப்பு. அது இடமிருந்து வலமாக வடிவங்களை வரைந்துகொண்டு போகும். அந்த வடிவங்களைத் திரும்ப எழுத்தாக்கும்போது 'கொடை' என்பது 'ெகாைட' என்று வெளியே வரும். 'கோவை' 'ேகாைவ' ஆகும். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டிய எவரும் இந்தக் கொடுமையைப் பார்த்திருப்பார்கள். கண்ணால் படிப்பவருக்கு அது எரிச்சல். காதால் படிப்பவருக்கு 'கொடை' 'காட' மாதிரி ஏதோ ஒன்றாகக் கேட்கும். அடுத்தடுத்த நாலு சொல்லும் இப்படி வந்தால் வாக்கியமே போயிற்று. அந்தக் கோப்பில் 'கொடை' என்று தேடினால் பார்வையுள்ளவருக்கும் கிடைக்காது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வரைந்த வடிவங்களுக்குப் பின்னால் உண்மையான எழுத்து இன்னது என்று பதித்துவைக்கும் வசதி பிடிஎஃப் தரத்திலேயே உண்டு. சில மென்பொருள்கள் அதைச் செய்கின்றன, சில செய்வதில்லை. எது செய்கிறது என்று மெனு மெனுவாகத் தேட வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தால் போதும். தமிழ் தமிழாக வந்தால் திரைவாசிப்பானுக்கும் பெரும்பாலும் அப்படியே போகும். ஆங்கிலக் குப்பை வந்தால் பழைய எழுத்துரு. கொம்பு இடம் மாறி வந்தால் வடிவ வரிசைச் சிக்கல். ஒன்றையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். ஒரு துறையில் இந்த ஒரு சோதனையைப் பழக்கமாக்கினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சோதனையில் தோற்றால் மூல வேர்ட் கோப்பையும் சேர்த்து அனுப்பிவிடலாம். குறிப்பைத் திருடிவிடுவார்கள் என்று வேர்ட் கோப்பைத் தரத் தயங்கும் பேராசிரியர்கள் உண்டு. பிடிஎஃப்பாகப் போனால் மட்டும் அது பாதுகாப்பாக இருக்கிறதா என்ன?

படமாக வரும் குறிப்புகளுக்குத் தனிக் கதை. கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் ஒன்று. ஆனால் அது கற்றுக்கொடுத்த பழக்கம் போகவில்லை. புத்தகத்தை விரித்து, விளக்கு நிழல் விழ, பக்கம் வளைந்திருக்கப் படம் எடுத்து, அதையே பிடிஎஃப்பாக்கி அனுப்புகிறோம். படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு தட்டச்சாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் இதைச் சரிசெய்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கூகுளின் எழுத்துணரி அச்சுத் தமிழை நன்றாகவே படிக்கிறது, திறந்தமூல டெசராக்ட்டும் தமிழ் படிக்கும். ஆனால் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம், அட்டவணை, அடிக்குறிப்பு, பென்சில் கோடு, கையெழுத்து வந்தால் தடுமாறும். தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் எழுத்துணரி தந்ததை இன்றும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறார்கள். அதே வேலையைத் தேர்வுக்கு முதல் வாரம் ஒரு மாணவர் தனியாகச் செய்ய முடியாது.

அதனால்தான் பார்வையற்ற மாணவர்கள் பலரும் இன்னமும் வாசித்துக்காட்ட ஆள் தேடுகிறார்கள். வகுப்புத் தோழர், கோயில் பிராகாரத்திலோ பூங்காவிலோ சந்திக்கும் தன்னார்வலர், ஒலிப்பதிவு செய்து அனுப்பும் இல்லத்தரசி. அந்த உதவியின் பெருமையைக் குறைக்கவில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு பத்தியை மறுபடி படிக்கத் தோன்றினால், யாரையும் கூப்பிடாமல் தானே படிக்க முடிவது வேறு. திரும்பத் திரும்பக் கேட்டால் எதிரில் இருப்பவர் சலித்துக்கொள்வாரோ என்ற கூச்சம் இல்லாமல் படிப்பது என்பது பார்வையுள்ள மாணவர் யோசித்தே பார்க்காத வசதி.

எழுத்து சரியாக இருந்த பிறகு வருவது அமைப்பு. தலைப்பைத் தடித்த எழுத்தில், பெரிய அளவில் போட்டால் கண்ணுக்குத் தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு வரி. வேர்டில் 'ஹெடிங்' பாணியைத் தேர்ந்து போட்டால்தான் அதுவும் அதைத் தலைப்பு என்று அறியும். அப்போது என்விடிஏ பயன்படுத்துபவர் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புவிட்டுத் தலைப்பு தாவலாம். இல்லையென்றால் நாற்பதாம் பக்கத்துக்குப் போக முப்பத்தொன்பது பக்கத்தையும் கேட்டாக வேண்டும். இப்படிப் பாடுபட்டுச் செய்த கோப்பைக் கடைசியில் 'பிரிண்ட்' கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் அந்த அமைப்பெல்லாம் உதிர்ந்துவிடும். 'சேவ் ஆஸ்' வழியாக பிடிஎஃப் ஆக்க வேண்டும். ஒரே கணினி, ஒரே கோப்பு, இரண்டு பொத்தான். எதை அழுத்துகிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் விளக்கமான மாற்று உரையைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதைப் பாடம் நடத்துபவரே எழுத வேண்டும். அலுவலக உதவியாளரிடமோ செயற்கை நுண்ணறிவிடமோ விட்டுவிடக் கூடாது. பொருளியல் குறிப்பில் தேவை, அளிப்புக் கோடுகள் வெட்டும் ஒரு வரைபடம் இருக்கிறது. 'இரண்டு கோடுகள் உள்ள வரைபடம்' என்று எழுதினால் அதில் பொய் இல்லை, பயனும் இல்லை. தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்ததும் சமநிலை விலை ஏறுகிறது என்பதைக் காட்டத்தான் ஆசிரியர் அந்தப் படத்தைப் போட்டார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். வெறும் அலங்காரப் படமென்றால் அலங்காரம் என்று குறித்துவிட்டால் திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும். கணிதத்துக்கும் இதே கதை: சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் ஊமை, சமன்பாட்டு எடிட்டரில் எழுதினால் வாசிக்க வாய்ப்பு உண்டு.

காது கேளாதவரும் வகுப்புப் பதிவும்

கணினி, கைபேசி என்றதும் பேச்சு பார்வையற்றோரோடு நின்றுவிடுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. அடையாறு செயின்ட் லூயிஸ் கல்லூரி காது கேளாதோருக்கானது. பிற கல்லூரிகளில் ஒரு வகுப்புக்கு ஒருவர், இருவர் என்று இருப்பவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அவர்களுக்கு வகுப்பின் வீடியோ பதிவில் சப்டைட்டில் வேண்டும். அதுவும் பேச்சை மட்டும் காட்டினால் போதாது. யார் பேசுகிறார், பின்னால் என்ன சத்தம் என்பதும் தேவைப்படும்.

தானாக எழுதிக்கொடுக்கும் மென்பொருள் இங்கே எளிதில் வழுக்குகிறது. ஏனென்றால் நம் வகுப்பறையில் யாரும் ஒரு மொழியில் பேசுவதில்லை. "இந்த ரியாக்‌ஷன்ல ஆக்சிஜன் ரிலீஸ் ஆகுது, புரிஞ்சுதா?" என்ற வாக்கியத்தை ஆங்கிலம் என்று கேட்டாலும் தமிழ் என்று கேட்டாலும் பொறிக்குப் பாதிதான் கிடைக்கும். அது எழுதியதை ஆசிரியரோ மூத்த மாணவரோ ஒருமுறை திருத்தியே ஆக வேண்டும். இன்னொன்றும் உண்டு. சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி மாதிரிதான். அதன் இலக்கணம் வேறு, சைகையின் இலக்கணம் வேறு. சப்டைட்டில் போட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிட முடியாது. முக்கியமான பாடத்துக்கும் அறிவிப்புக்கும் இந்திய சைகை மொழியில் ஒரு சிறு வீடியோ தேவைப்படும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மங்கலான பார்வை உள்ளவருக்கு வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து தெரியாது, டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலகத் தரம், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு கேட்கிறது. கை நடுக்கம் உள்ளவரால் சுட்டியை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. விசைப்பலகையால் மட்டுமே முழு விண்ணப்பத்தையும் நிரப்ப முடிய வேண்டும். எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா உள்ளவர் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் படிப்பார்; அவருக்கும் படமாக இல்லாத, எழுத்தாக உள்ள கோப்புதான் வேண்டும். இணையவழித் தேர்வில் கூடுதல் நேரம் என்பது மென்பொருளில் ஓர் அமைப்பு. அதைப் போட மறந்துவிட்டால் சட்டம் தந்த நேரத்தைக் கடிகாரம் பிடுங்கிக்கொள்ளும்.

பெர்க்லியில் நடந்தது

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கம் தோன்றிய இடங்களில் ஒன்று. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் அங்கே படிக்கப் போனார். இரும்பு நுரையீரல் என்ற கருவிக்குள்தான் அவர் உறங்க முடியும். அதற்குத் தோதான விடுதி இல்லாததால் வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். அவர்கள் தொடங்கியவற்றின் தொடர்ச்சியாக 1972இல் பெர்க்லியில் சுயசார்பு வாழ்வு மையம் உருவானது. அதைப் பார்த்து உலகின் பல ஊர்களில் இப்படி மையங்கள் வந்தன.

அதே பெர்க்லி பின்னாளில் தன் வகுப்பறை விரிவுரைகளைப் பதிவுசெய்து யூடியூபிலும் ஐட்யூன்ஸிலும் உலகுக்கே இலவசமாகக் கொடுத்தது. பெருந்தன்மையான காரியம். ஆனால் அவற்றில் பலவற்றுக்குச் சப்டைட்டில் இல்லை, அல்லது பொறி எழுதிய பிழை மலிந்த சப்டைட்டில். காது கேளாதோருக்கென்று வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவருக்காக, அந்நாட்டுக் காதுகேளாதோர் தேசியச் சங்கம் 2014இல் புகார் கொடுத்தது. விசாரித்த அமெரிக்க நீதித் துறை, 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று 2016 ஆகஸ்டில் கடிதம் எழுதியது. சரிசெய்வதற்கான செலவைக் கணக்குப் பார்த்த பல்கலைக்கழகம், 2017 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது.

அப்போது இணையத்தில் எழுந்த கோபம் பெரும்பாலும் புகார் கொடுத்தவர்கள் மேல்தான். இரண்டு பேருக்காக உலகமே இழக்க வேண்டுமா என்றார்கள். அவர்கள் பதிவுகளை நீக்கும்படி கேட்கவில்லை, சப்டைட்டில்தான் கேட்டார்கள். நீக்குவது என்பது பல்கலைக்கழகம் எடுத்த முடிவு. ஒவ்வொரு பருவத்திலும் பதிவேற்றும்போதே எழுதியிருந்தால் பாடவாரியாகப் பிரிந்திருக்கும் வேலை, பத்தாண்டுக்கு மேல் சேர்ந்து இருபதாயிரமாக எதிரே நின்றது. வழக்கு இழுத்துக்கொண்டே போய் 2022 நவம்பரில்தான் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. இதற்கிடையில், இதே காரணத்துக்காக 2015இல் வழக்கைச் சந்தித்த ஹார்வர்டும் எம்ஐடியும், 2019இலும் 2020இலுமாக, தங்கள் இணைய வீடியோக்களுக்குச் சப்டைட்டில் தர ஒப்புக்கொண்டன.

நம் சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் இப்படி ஒரு கல்லூரி மேல் பெரிய வழக்கு வந்து பேசப்படவில்லையே தவிர, சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அதுவரை ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் தர வேண்டும் என்றது. 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் முழுவதும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஒலி விவரணை, சைகை மொழி, சப்டைட்டில் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சேவை தருபவர்கள் விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் இவற்றைச் செய்துமுடிக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

2022இல் யுஜிசி உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது: கட்டாயமாக இருக்க வேண்டியவற்றை விதிகள் வெறும் பரிந்துரையாக விட்டுவைத்திருக்கின்றன, அது சட்டத்துக்கு முரண். கட்டாய விதிகளை எழுதும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கு. அமில வீச்சில் முகம் பாதிக்கப்பட்ட அவரால், வங்கியின் இணையவழிச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் இமைத்துக் காட்ட முடியவில்லை. இணைய, மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் கூறு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிக்குச் சொன்னது கல்லூரியின் சேர்க்கைத் தளத்துக்கும் கட்டணத் தளத்துக்கும் பொருந்தாமல் எங்கே போகும்?

பதிப்புரிமையைக் காரணம் காட்டுபவர்களுக்கும் இடமில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றித் தருவதற்கு விலக்கு அளிக்கிறது. உலக அளவில் இதற்கென 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கைக்கு முதலில் ஒப்புதல் தந்த நாடே இந்தியாதான். இப்படி மாற்றிய நூல்களுக்காக 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. ஒரு கல்லூரி நூலகர் தமிழ்ப் பாடநூல் ஒன்றைத் தட்டச்சு செய்து தன் பார்வையற்ற மாணவருக்குத் தந்தால் யாரும் வழக்குப் போட முடியாது.

பொத்தான் ஒட்டுவது

சட்டம் நெருங்குகிறது என்று தெரிந்ததும் சந்தையில் ஒரு குறுக்கு வழி வந்துவிட்டது. இணையதளத்தின் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு ஒரு பொத்தான். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், சில சமயம் தளமே பேசும். பார்வையற்றவர் தன் திரைவாசிப்பானோடுதான் தளத்துக்கே வருகிறார்; அவருக்குத் தளம் தனியாகப் பேசத் தேவையில்லை. இரண்டு குரல் ஒரே நேரத்தில் பேசினால் உபத்திரவம்தான். உள்ளே இருக்கும் ஸ்கேன் பிடிஎஃப் எந்தப் பொத்தானாலும் எழுத்தாக மாறாது. இப்படிப் பொத்தான் விற்ற ஆக்சசிபி என்ற நிறுவனம், எந்தத் தளத்தையும் தரத்துக்கு இணங்கச் செய்துவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக, 2025இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 10 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. நம் ஊரில் ஒப்பந்தக்காரர் இதை இலவச இணைப்பாகவே தந்துவிடுகிறார். வாங்குபவருக்கும் சான்றுக்குப் படம் எடுக்க வசதி.

கல்லூரி வெளியிலிருந்து வாங்கும் மென்பொருளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கட்டணத் தளம், வருகைப் பதிவு, தேர்வு மென்பொருள் எதையும் கல்லூரி எழுதுவதில்லை, வாங்குகிறது. வாங்கிய பிறகு கேப்சாவில் தெரியும் வளைந்த எழுத்தை எப்படி நிரப்புவது என்று மாணவர் கேட்டால், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள் என்றுதான் பதில் வரும். கூடவே கடவுச்சொல்லையும் அவரிடம் சொல்ல வேண்டியதாகும். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரத்துக்கு மென்பொருள் இணங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். பணம் கொடுக்கும் முன் அந்தக் கல்லூரியிலேயே படிக்கும் ஒரு பார்வையற்ற மாணவரை உட்காரவைத்துக் கட்டணம் கட்டிப் பார்க்கச் சொல்லலாம். அந்த வேலைக்கு அவருக்கு ஊதியமும் தர வேண்டும்; இலவசமாகச் சோதித்துக் கொடுப்பது அவர் கடமை இல்லை.

கடைசியாக, பழைய கோப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி. பாமினி, வானவில் போன்றவற்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேர்ட் கோப்பு கையில் இருந்தால் சில நிமிட வேலை, அப்புறம் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுக் கோப்புகளை ஒரே மூச்சில் மாற்றப் போவதாகத் திட்டம் போட்டால் அது குழு அமைப்பதோடு நின்றுவிடும். முதலில் இந்தப் பருவத்தில் நடத்தும் பாடங்கள். அடுத்து, எந்த மாணவர் எதைக் கேட்கிறாரோ அது. கேட்டால் எத்தனை நாளில் கிடைக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்று பெயரோடு அறிவிப்புப் பலகையிலும் தளத்திலும் போட வேண்டும். மீதியை அப்படியே விட்டுவைக்கலாம், நீக்க வேண்டியதில்லை. புதிதாக ஏறும் கோப்பு எதுவும் அந்த நகலெடுத்து ஒட்டும் சோதனையைத் தாண்டாமல் ஏறக் கூடாது என்று துறைத் தலைவர் ஒருவர் பிடிவாதமாக நின்றால், அந்தத் துறையின் பழைய குவியல் அதற்குமேல் வளராது.